கம்போடியாவா, ஜெர்மனியா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 23. ஜெர்மனியில் பொது சுகாதாரம் முதுகலை படிக்க ஆசை. அதற்காக அப்பா நிலத்தை அடமானம் வைக்கிறேன் என்கிறார்; பத்திரத்தைக்கூட பீரோவிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். இதற்கிடையில் ஒரு ஏஜென்சி, கம்போடியாவில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் 3 மாதம் தன்னார்வப் பணிக்குக் கூப்பிடுகிறது. டிக்கெட் போக 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். 'சேவையும் ஆச்சு, சீட் வாங்க சர்டிபிகேட்டும் ஆச்சு' என்கிறார்கள். எதற்குப் போகட்டும், அம்மா?
- வாசகி, மதுரை மாவட்டம்

பதில்:
அன்பு மகளே,

முதலில் கம்போடியா. போகாதே.

அங்கே காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் கட்டி வருகிறவர்கள் பெருகப் பெருக, அவர்களுக்குக் காட்டுவதற்காகவே ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்த இடங்கள் உண்டு. ஆஸ்திரேலியா 2018-ல் இதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வகையாகவே பார்க்கத் தொடங்கியது.

பல வருடங்களுக்கு முன் நம் ஊர்ப் பக்கம் ஒரு இல்லத்துக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு வயதுக் குழந்தை ஒன்று ஓடிவந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே சமையல் செய்கிற அம்மா மெதுவாகச் சொன்னார்: “யார் வந்தாலும் இப்படித்தாம்மா ஓடும். அவங்க போனப்புறம் ரெண்டு நாளைக்குச் சரியா சாப்பிடாது.” மூன்று மாதம் பழகிவிட்டு நீ விமானம் ஏறும்போதும் இதுதான் நடக்கும். உன்னை வேலைக்கு எடுக்க உன் நர்சிங் பட்டம்கூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை, கவனித்தாயா? பணம் கட்டினால் போதும் என்கிறார்கள்.

உன் படிப்பைக் கேட்டு எடுக்கிற இடங்கள் வேறு. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்குப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. போகிற நாட்டில் வாழ்க்கைச் செலவுக்கு மாதாமாதம் படித்தொகை அவர்களே தருகிறார்கள். 18 முதல் 26 வயது வரை உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. இப்போதே பதிவு செய்து வை. உடனே அழைப்பு வரும் என்று நம்பி வேலையை மட்டும் விட்டுவிடாதே.

சரி, ஜெர்மனி. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, சில முதுகலைப் படிப்புகளுக்கு உண்டு. நிலத்தை அடமானம் வைக்கச் சொல்கிற அளவுக்குப் பணம் தேவைப்படுவது முக்கியமாக விசாவுக்குத்தான். ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ, சுமார் 12 லட்ச ரூபாய், முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அது உன் பணம்தான், மாதம் 992 யூரோவாக உனக்கே திரும்பி வரும். ஆனால் கடன் வாங்கிப் போட்டால், இங்கே அப்பாவுக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டி ஓடும்.

அதனால்தான் இன்னும் ஒரு வருடம் பொறு என்கிறேன். டாட் (DAAD) என்ற ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பு, வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கென்று சில முதுகலைப் படிப்புகளுக்கு உதவித்தொகை தருகிறது. பொது சுகாதாரமும் அந்த வகையில் வரும். அதற்குக் குறைந்தது 2 வருட வேலை அனுபவம் வேண்டும். உன்னிடம் பாதி இருக்கிறது! பிரிட்டனில் முதுகலை படிக்க அந்நாட்டு அரசு தருகிற செவனிங் உதவித்தொகை 2,800 மணி நேர அனுபவம் கேட்கிறது, சம்பளமில்லாத தன்னார்வப் பணியையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். விடுமுறை நாளில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிற நோயாளிகளைப் பார்க்கிற வலிநிவாரணக் குழு ஒன்றில் நீ சேர்ந்தால், உன் சேவை மனசுக்கும் இடம் கிடைக்கும், அந்த மணி நேரமும் கணக்கில் ஏறும். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டத் தெரிந்த கை அங்கே எவ்வளவு தேவை என்று போனால் தெரியும்.

உதவித்தொகை கிடைக்காமலும் போகலாம், போட்டி கடுமை. அப்போது உன் சேமிப்பும் ஒரு வருடம் கூடியிருக்கும், வங்கிக் கல்விக் கடனும் இருக்கிறது. நிலத்தைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம்.

இன்று ராத்திரி அப்பாவிடம் பேசு, பத்திரம் பீரோவுக்குள்ளேயே போகட்டும். நாளை டியூட்டிக்குப் போனதும் நர்சிங் கண்காணிப்பாளரைப் பார்த்து, சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த வார்டு என்றெல்லாம் எழுதிய அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்கி வை.