குளிர்காலத்தில் படிக்கத் துருவப் பயண நூல்கள்: எதில் தொடங்குவது?

அண்டார்க்டிகா பயணி ஷேக்கிள்டனில் தொடங்கி நூறு பக்கத்தில் வைத்துவிட்டேன், தேதியும் தூரமுமாகவே போகிறது, விடுமுறைக்கு வேறு என்ன படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு உங்கள் மேல் இல்லை. நூறாண்டுக்கு முந்தைய அளவுகளில் எழுதப்பட்ட நூல்கள் இவை. அந்தக் கணக்கு பிடிபடாவிட்டால் எவ்வளவு குளிர், எவ்வளவு தூரம் என்று ஒன்றும் உறைக்காது. ஆங்கிலம் தடையில்லாமல் படிப்பவர் என்று எடுத்துக்கொண்டுதான் மேலே சொல்கிறேன்.

முதலில் எடுக்க வேண்டியது, ஸ்காட்டின் அண்டார்க்டிகா குழுவில் இருந்த அப்ஸ்லி செர்ரி-கராட் 1922இல் வெளியிட்ட 'தி வொர்ஸ்ட் ஜர்னி இன் த வேர்ல்ட்'. தலையணை கனம். முதல் பக்கத்திலிருந்து போகாதீர்கள். நேராக ஏழாம் அத்தியாயம். 1911 ஜூன் 27 அன்று வில்சன், பவர்ஸ், செர்ரி-கராட் மூவரும் எம்பரர் பெங்குவின் முட்டை தேடி கேப் குரோசியருக்குக் கிளம்புகிறார்கள். அண்டார்க்டிகாவில் ஜூன் நடுக்குளிர்காலம், சூரியன் எழவே எழாது. போய்ச் சேரவே 19 நாள். இரண்டு ஸ்லெட்ஜையும் (பனிமேல் இழுக்கும் வண்டி) சேர்த்து இழுக்க முடியாத இடங்களில் ஒன்றைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மற்றதற்குத் திரும்பி வருவார்கள். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடை.

அங்கே ஸ்லீப்பிங் பேக் என்ன ஆகிறது என்பதைக் கவனியுங்கள். வியர்வையும் மூச்சின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் கலைமான் தோலிலேயே உறைந்து தங்குகின்றன. பயணம் முடியும்போது பைகளின் எடை இரு மடங்குக்கு மேல். காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்து ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்க்கிறார் செர்ரி-கராட். உடுப்பு அப்படியே விறைத்துவிட, நான்கு மணி நேரம் நிமிர்ந்த தலையோடே வண்டி இழுக்கிறார். அதற்குப் பிறகு மூவரும் உடுப்பு உறைவதற்குள் இழுக்கத் தோதாகக் குனிந்து நிற்கப் பழகிக்கொள்கிறார்கள். இந்த ஒரு பத்தி பிடித்துவிட்டால் மற்ற நூல்களும் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் இந்த வகையே உங்களுக்கு இல்லை, விட்டுவிடுங்கள்.

இனி அளவுகள். ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள். 'இத்தனை டிகிரி ஃப்ராஸ்ட்' என்று வந்தால் அது ஃபாரன்ஹீட்டில் 32க்குக் கீழே எத்தனை டிகிரி என்று பொருள், பூஜ்யத்துக்குக் கீழே அல்ல. பலரும் வழுக்குவது இங்கேதான். அதை 5ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் நேராக மைனஸ் செல்சியஸ் கிடைத்துவிடும்: 100 டிகிரி ஃப்ராஸ்ட் என்றால் மைனஸ் 55.6. குரோசியர் பயணத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 77.5 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 60.8 செல்சியஸ். அடுத்தது மைல். பெரும்பாலும் அது புவியியல் மைல், 1.85 கிலோமீட்டர்; நாம் பள்ளியில் படித்த 1.6 அல்ல. இதில் ஒரு வசதியும் உண்டு: அட்சரேகையில் ஒரு நிமிடம்தான் ஒரு புவியியல் மைல், ஒரு டிகிரிக்கு 60 மைல். எந்த நாளின் குறிப்பில் அட்சரேகை இருந்தாலும் துருவத்துக்கு மீதி எவ்வளவு என்று மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம்.

இந்தக் கணக்கைத் தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் இறந்த ஸ்காட்டின் கதையில் போட்டுப் பாருங்கள். திரும்பும் வழிக்கென உணவும் எண்ணெயும் முன்கூட்டியே வைக்கும் 'ஒன் டன்' கிடங்கை 80 டிகிரியில் வைப்பதாகத் திட்டம். 1911 பிப்ரவரியில் குதிரைகள் தளர்ந்துபோனதால் 79 டிகிரி 29 நிமிடத்திலேயே வைத்துவிட்டார்கள். 31 மைல் குறைவு. 1912 மார்ச்சில் ஸ்காட், வில்சன், பவர்ஸ் கடைசியாகக் கூடாரம் போட்ட இடம் அந்தக் கிடங்குக்கு 11 மைல் தெற்கே. திட்டமிட்ட இடத்திலேயே இருந்திருந்தால் அதைத் தாண்டியே வந்திருப்பார்கள்.

மண்ணெண்ணெய்க் கதை இன்னும் கசப்பு. அவர்கள் சமைத்தது பிரைமஸ் அடுப்பில், நம் வீடுகளில் இருந்த அதே பம்ப் ஸ்டவ். எண்ணெய் தீர்ந்தால் சோறு மட்டுமல்ல, தண்ணீரும் கிடையாது. பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும். டின் மூடிகளில் இருந்த தோல் வாஷர் குளிரில் கெட்டுப்போகிறது. எடுக்க வசதியாக டின்களைப் பனிக்குவியலின் உச்சியில் வைத்திருந்ததால் கோடை வெயில் பட்டு எண்ணெய் ஆவியாகிக் கசிகிறது. திரும்பும் வழியில் ஒவ்வொரு கிடங்கிலும் டின் குறைவாகவே இருக்கிறது. ஸ்காட்டுக்கு முன்பே துருவத்தை எட்டிய நார்வேக்காரர் ஆமுண்ட்சென் தன் டின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டு போனார்.

கிடங்கைக் கண்டுபிடிக்க அவர் செய்த ஏற்பாடும் பார்க்க வேண்டியது. 80 டிகிரிக் கிடங்குக்குக் கிழக்கே பத்து, மேற்கே பத்து என்று 900 மீட்டருக்கு ஒரு கொடி. பதினெட்டு கிலோமீட்டர் அகலத்துக்கு வலை விரித்தது போல. மூடுபனியில் வழி தவறி வந்தாலும் ஏதாவது ஒரு கொடியில் முட்டிக்கொள்வார்கள். கிடங்கு எந்தப் பக்கம் என்பதைக் கொடியின் எண்ணே சொல்லிவிடும். ஆனாலும் அவருடைய 'த சவுத் போல்' நூலை இரண்டாவதாகத்தான் படியுங்கள். எல்லாம் சரியாக நடந்ததால் தனியாகப் படித்தால் சப்பென்று இருக்கும்.

ஸ்காட்டை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ரோலண்ட் ஹன்ட்ஃபோர்ட் 1979இல் எழுதிய நூல் ஸ்காட்டை ஏறக்குறைய முட்டாளாகவே காட்டும்; அதை மட்டும் படித்துவிட்டு வாதாடுகிறவர்கள் அதிகம். கூடவே சூசன் சாலமன் எழுதிய 'த கோல்டஸ்ட் மார்ச்' (2001) படியுங்கள். ஓசோன் ஓட்டை ஆய்வில் பெயர் பெற்ற வளிமண்டல விஞ்ஞானி அவர். பிற்காலத் தானியங்கி வானிலை நிலையங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு, 1912 மார்ச் வழக்கத்தை விடக் கடுமையான குளிர் என்று காட்டுகிறார். அந்தக் குளிரில் வண்டிச் சட்டத்தின் அடியில் பனி உருகி வழுக்கல் உண்டாகாது. இழுப்பது மணலில் இழுப்பது போல ஆகிவிடும். தினப்படி உணவோ ஆளுக்கு 450 கிராம் பிஸ்கட், 340 கிராம் பெமிக்கன் (உலர்ந்த இறைச்சியை இடித்துக் கொழுப்பில் கலந்தது), கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, கோகோ, தேநீர். சுமார் 4,500 கலோரி. மனிதரே வண்டி இழுக்கும் வேலைக்கு 6,000 கூடப் போதாது.

ஷேக்கிள்டன் விஷயத்துக்கு வருகிறேன், கேட்காவிட்டாலும். "கப்பல் நொறுங்கியும் ஒரு ஆளைக்கூட இழக்காத தலைவர்" என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். பாதி உண்மை. எண்டியூரன்ஸ் கப்பலில் போன 28 பேரும் பிழைத்தார்கள், சரி. ஆனால் அதே பயணத்தின் மறுபாதி ராஸ் கடல் குழு. ஷேக்கிள்டன் கண்டத்தைக் கடந்து வருவார் என்று நம்பி, அவருக்காகக் கிடங்கு வைத்தவர்கள். அவர்களுடைய கப்பல் நங்கூரம் அறுந்து போய்விட, பத்துப் பேர் கரையில் மாட்டிக்கொண்டார்கள். வேலையை முடித்தார்கள். ஸ்பென்சர்-ஸ்மித், மேக்கிண்டாஷ், ஹேவர்ட் மூவர் திரும்பவில்லை. அந்தக் கிடங்குகளுக்கு யாரும் வரவே இல்லை. ஷேக்கிள்டனே தன் 'சவுத்' (1919) நூலில் இதைத் தனியாக விரிவாக எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கங்களுக்குப் போவதில்லை. நீங்கள் பாதியில் விட்டது 'சவுத்' என்றால், ராஸ் கடல் அத்தியாயங்களிலிருந்து திரும்பத் தொடங்கிப் பாருங்கள். ஆல்ஃப்ரெட் லான்சிங்கின் 'எண்டியூரன்ஸ்' (1959) என்றால், விறுவிறுப்பான நூல்தான், ஆனால் அதன் கதை எண்டியூரன்ஸ் கப்பல் போன வெட்டல் கடல் பக்கத்தோடு சரி.

வடதுருவம் வேண்டுமானால் நார்வேக்காரர் நான்சென் எழுதிய 'ஃபார்தஸ்ட் நார்த்' ஒன்று போதும். பனி நெருக்கினால் நசுங்காமல் மேலே பிதுங்கி எழும்படி அடிப்பாகம் உருண்டையாகக் கட்டிய ஃப்ராம் கப்பல், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்து தீர்க்கரேகையைத் தொலைத்தது, கரடி இறைச்சி தின்றே ஒரு குளிர்காலத்தை ஓட்டி எடை கூடித் திரும்பியது என்று வேறு ருசி.

காசு கொடுத்து வாங்க அவசரப்பட வேண்டாம். செர்ரி-கராட், ஆமுண்ட்சென், ஷேக்கிள்டன் மூன்றும் ப்ராஜெக்ட் குட்டன்பர்க்கில் இலவசம். மலிவு மறுபதிப்புகளில் மடிப்பு வரைபடங்களை எடுத்துவிடுகிறார்கள், அல்லது தபால் தலை அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள். இன்டர்நெட் ஆர்கைவில் பழைய பதிப்பின் ஸ்கேனில் முழுதாகக் கிடைக்கும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து, ஸ்காட்டின் தளம் இருந்த கேப் எவன்ஸிலிருந்து தெற்கே 'பேரியர்' என்ற பனித்தட்டு (இன்றைய பெயர் ராஸ் பனித்தட்டு), பிறகு பியர்ட்மோர் பனியாறு, பிறகு மேட்டுச் சமவெளி என்று மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்காட் குழுவின் துருவப் பயணத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.