எல்லாரும் ஜிம் தார்ப் என்பார்கள், நான் ஃப்ரிட்ஸ் போலார்டைச் சொல்வேன்

"அமெரிக்கன் ஃபுட்பாலின் தொடக்க கால நட்சத்திரங்களில் யாருடைய தாக்கம் இன்றும் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஜிம் தார்ப், ரெட் கிரேஞ்ச் என்று பதில்கள் வரும். வரட்டும். என் ஓட்டு ஃப்ரிட்ஸ் போலார்டுக்குத்தான்.

1894இல் சிகாகோவில் பிறந்த கறுப்பினத்தவர். பிரவுன் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். 1916ஆம் ஆண்டு ரோஸ் பௌல் என்ற பெரிய கல்லூரி ஃபுட்பால் போட்டியில் அந்த அணி தோற்றது. ஆனால் அந்தப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் இவர். 1920இல் ஆக்ரன் ப்ரோஸ் என்ற தொழில்முறை அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றதே, அதிலும் இவர் இருந்தார். அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான இன்றைய என்எஃப்எல்லுக்கு அதுதான் முதல் சீசன்.

பட்டம் வாங்கித் தந்தவருக்கு ஆக்ரனில் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். மற்ற வீரர்களோடு உடை மாற்ற இடமில்லை. அணி முதலாளிகளில் ஒருவரின் சுருட்டுக் கடையில் மாற்றிக்கொள்வார். பிறகு கார் வந்து மைதானத்துக்குக் கூட்டிப்போகும். ஆட்டத்தில் பந்தோடு ஓடும் இவரை எதிரணியினர் கீழே தள்ளிய பிறகும் மேலே பாய்ந்து மிதிக்கப் பார்ப்பார்கள். ஆள் 75 கிலோதான். விழுந்த வேகத்திலேயே உருண்டு மல்லாந்து, குமிழ் வைத்த ஷூக்கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொள்வார். பாய்ந்து வருகிறவன் வரட்டும்!

1921இல் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் ஆனார். அந்த லீகின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். அடுத்தவர் ஆர்ட் ஷெல், 1989இல். நடுவில் 68 வருஷம். எனக்கு இவருடைய ஓட்டத்தைவிட இந்த இடைவெளிதான் பெரிய விஷயம். 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரர்கூட லீகில் கிடையாது. விதி என்று எதுவும் எழுதப்படவில்லை, கதவை மட்டும் சாத்திவிட்டார்கள். போலார்டு சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிரவுன் பாம்பர்ஸ் என்ற கறுப்பின அணிக்குப் பயிற்சியாளரானார்.

1986இல் இறந்தார். தொழில்முறை ஃபுட்பாலின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2005இல். ஆள் போய் 19 வருஷம் கழித்து. அதற்குள் 2003இலேயே இவர் பெயரில் ஓர் அமைப்பு தொடங்கிவிட்டது. தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியானால் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணல் செய்தாக வேண்டும் என்ற ரூனி விதியும் அதே ஆண்டு வந்தது. அதை அணிகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றனவா என்று கண்காணிப்பது அந்த அமைப்பின் முக்கிய வேலை. கண்காணிக்க இன்னும் வேலை இருக்கிறது: தனக்கு நடந்த நேர்காணல்கள் வெறும் கண்துடைப்பு என்று கறுப்பினப் பயிற்சியாளர் பிரையன் ஃப்ளோரஸ் 2022இல் லீக் மீதே வழக்குப் போட்டார்.