பிரீஃபெட்ச் என்றால் என்ன? அதனால் இணையதளம் எப்படி வேகமாகிறது?

பயனர் அடுத்து எந்தப் பக்கத்துக்குப் போவார் என்று ஊகித்து, அவர் இணைப்பைச் சொடுக்குவதற்கு முன்பே அதற்கான கோப்புகளை உலாவி தருவித்து வைத்துக்கொள்வதே பிரீஃபெட்ச் ஆகும்.

இதன் தேவை பெரும்பாலும் தூரத்தால் வருகிறது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், மும்பையிலிருந்து 12,000 கிலோமீட்டருக்கும் அப்பால் நியூயார்க்கில் இருக்கும் சர்வருக்குக் கோரிக்கை போய்ப் பதில் திரும்பவே 120 மில்லிவினாடிக்குக் குறையாது. முகவரியைத் தேடுவது, தொடர்பை ஏற்படுத்துவது, பாதுகாப்பை உறுதிசெய்வது என்று இப்படிப் பல நடைகள் முடிந்த பிறகே பக்கத்தின் முதல் எழுத்து வந்து சேரும்.

மும்பையின் மாதுங்கா பகுதியில் காலை டிபன் சாப்பிடுபவர்களுக்கு இது புதிதல்ல. வாடிக்கையாளர் இட்லியின் கடைசி விள்ளலைச் சாம்பாரில் தோய்க்கும்போதே பரிமாறுபவர் உள்ளே பார்த்து "ஒரு காபி" என்று குரல் கொடுத்துவிடுவார். கை கழுவித் திரும்பினால் டபரா மேசையில் இருக்கும். உலாவிக்கும் அப்படியொரு குறிப்பு உண்டு: மவுஸ் இணைப்பின் மேல் வந்து நிற்பது. ஊகம் தவறினால் அங்கே காபி வீண், இங்கே பயனரின் டேட்டா வீண். 'வெளியேறு', 'அழி' போன்ற இணைப்புகளை மட்டும் இதில் சேர்க்கவே கூடாது; பயனர் சொடுக்காமலேயே அந்தச் செயல் நடந்துவிடலாம்.

பிரீஃபெட்ச் செய்தால் சர்வரே வேகமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் சர்வர் எடுக்கும் நேரம் அப்படியேதான் இருக்கிறது, அந்தக் காத்திருப்பு பயனர் முந்தைய பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு நகர்ந்துவிடுகிறது.