விளக்க முடியாத ஒன்று நேரில் நடந்தபிறகும் பேய் இல்லை என்று சொல்ல முடியுமா?

தாத்தா இறந்த வீட்டில் இரவு நேரத்தில் சத்தம் கேட்கிறது, பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ ஒருவர் இதற்குள் மந்திரவாதியைக் கூட்டிவர நாள் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில். பாட்டா, அதாவது என் தாத்தா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். விடியக்காலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். திரும்பி வந்ததும் திண்ணையில் இருக்கும் வெண்கலக் கிண்டியில், அதாவது மூக்கு வைத்த செம்பில், தண்ணீர் எடுத்துக் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அவர் 2016-ல் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியமான அடியந்திரம் முடிந்ததும் பாட்டி அந்தக் கிண்டியைப் புளி போட்டுத் தேய்த்து, அடுக்களை அலமாரியில் உருளிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த வாரமே அது ராத்திரியில் ஒலிக்க ஆரம்பித்தது. நகத்தால் விளிம்பைச் சுண்டினாற்போல் மெல்லிய சத்தம். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில், பாட்டா எழுந்து கிளம்பும் அதே நேரத்தில். பாட்டி எழுந்து உட்கார்ந்து அழுவார். எனக்கும் முதல் இரண்டு நாள் கை கால் விறைத்துப்போனது உண்மை. மூன்றாம் நாள் சித்தப்பா, "ஒரு மந்திரவாதியைக் கூட்டிட்டு வந்து பேயைக் கெட்டிப் போடணும்" என்றார். நான் ஒரே பிடியாக வேண்டாம் என்றேன்.

காரணம் என் தங்கச்சி. அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது திடீரென்று ஏதோ கருகுகிற வாசனை வருகிறது என்பாள். உடனே கண் நிலைகுத்திவிடும், உதட்டைச் சப்புவாள், பாவாடை நுனியைப் பிசைந்துகொண்டே இருப்பாள். ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும், நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்காது. இசக்கியம்மன் பிடித்திருக்கிறது என்றார்கள். ஒன்றரை வருடம் தகடு, கறுப்புக் கயிறு, வேப்பங்குலை அடி, மிளகாய்ப் புகை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போய்த் திரும்பவே இல்லை. இடது முழங்காலுக்குக் கீழே அவளுக்கு இன்னும் ஒரு சூட்டுத் தழும்பு இருக்கிறது. கடைசியில் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் சத்தம் போட்டு, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் தொடங்கும் வலிப்பு. அந்தக் கருகல் வாசனைதான் வலிப்பின் தொடக்கமாம். மாத்திரையில் அடங்கியது. இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

இதைப் படித்துவிட்டு நான் சாமியை இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்குப் போகாத வருடம் எனக்கு இல்லை, அங்கே அம்மனாகக் கும்பிடும் புற்றின் முன்னால் நிற்கும்போது எனக்கும் கண் நிறையும். எங்கள் மாவட்டத்தில் பேய்க்கும் பலிக்கும் காசை அழிக்காதீர்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்னவர், ஐயாவழியைத் தொடங்கிய சுவாமித்தோப்பு ஐயா வைகுண்டர். அவரை யாரும் நாத்திகர் என்று சொன்னதில்லையே.

சரி, கிண்டிக்கு வருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, சத்தம் வந்த நேரத்தையும் கிழமையையும் எழுத ஆரம்பித்தேன். பத்தொன்பது ராத்திரி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தமே இல்லை. பாட்டா ஞாயிற்றுக்கிழமையும் வெட்டுக்குப் போகிற ஆள். அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. இருட்டில் அலமாரிச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதலில் சுவர் லேசாக அதிர்ந்தது, பிறகு ஜன்னல் கண்ணாடி முனகியது, அதற்கும் பிறகுதான் கிண்டி ஒலித்தது. கீழே ரோட்டு வளைவில் கல் ஏற்றிய லாரி பிரேக் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கிண்டியின் மூக்கு உருளியின் விளிம்பிலிருந்து ஒரு நூல் இடைவெளியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த லாரி ஓடாது, அதனால்தான் அன்று சத்தமில்லை. ஒரு தோர்த்துத் துண்டை மடித்துக் கிண்டிக்கு அடியில் வைத்தேன். சத்தம் நின்றது.

இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளருக்கும் இதுபோல ஒன்று நடந்திருக்கிறது. வேலை செய்யும் கூடத்தில் காரணமில்லாமல் பயம், கடைக்கண்ணில் ஒரு சாம்பல் நிற உருவம். மறுநாள் இடுக்கியில் பிடித்து வைத்திருந்த வாள்வீச்சு வாளின் தகடு தானாக அதிர்வதைப் பார்த்துத் தேடிப்போனார். புதிதாக மாட்டிய, காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஒன்று 19 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்வை உண்டாக்கியிருக்கிறது, நம் காது பிடிக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே. 1998-ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். எல்லாப் பேய்க்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

லாரி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மலையை உடைத்து ராத்திரி பகல் பார்க்காமல் எல்லை தாண்டிக் கொண்டுபோகிறார்கள். எங்கள் சுவரில் இப்போது விரல் நுழைகிற விரிசல் இருக்கிறது. ரோட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஓரமாக ஒதுங்க இடமில்லை. மனு கொடுத்துக் கொடுத்து எனக்குக் கை வலிக்கிறது. பேய் ஓட்டப் பணம் பிரிக்கிற ஊரில் இதற்கு ஒரு கையெழுத்து வாங்குவது அவ்வளவு கஷ்டம்.

இனி மறைக்கக் கூடாத ஒன்று. ஒரு கடையடைப்பு நாள், லாரி எதுவும் ஓடவில்லை. தோர்த்து அடியில் இருக்கிறது. மூன்று பத்துக்குக் கிண்டி ஒரே ஒரு முறை ஒலித்தது. பாட்டியும் நானும் முழித்துத்தான் இருந்தோம், இரண்டு பேரும் கேட்டோம். எலி இல்லை, காற்று இல்லை, கிண்டி உருளியைத் தொடவும் இல்லை. நோட்டில் நேரத்தை எழுதினேன். காரணம் எழுதும் இடம் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது. அதில் பாட்டா என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, லாரி என்று பொய் எழுதவும் முடியவில்லை. இதை வைத்து "பார்த்தாயா, நீயே ஒத்துக்கொண்டாய்" என்று வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தங்கச்சிக்கு ஏன் கண் நிலைகுத்துகிறது என்றும் ஒன்றரை வருடம் எங்களுக்குத் தெரியாமல்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் தோர்த்தைப் பாட்டி எடுத்துத் துவைத்துக் காயப் போட்டிருந்தார். "லாரியாவே இருக்கட்டும் பிள்ளே. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு ஒரு ஆறுதல்" என்றார். நான் திரும்ப வைக்கவில்லை. அதற்காக யாருக்கும் காசு கொடுக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. பாட்டிக்கு அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் சத்தம் மட்டும்தான் என்றால் பதறாதீர்கள். ஆளுக்கு ஏதாவது செய்கிறது என்றால் முதலில் டாக்டரிடம் போங்கள், எவ்வளவு தூரமானாலும். சத்தத்துக்கு ஒரு நோட்டுப் போட்டு இரண்டு வாரம் எழுதுங்கள். நேரத்தோடு கிழமையையும் சேர்த்து எழுதுங்கள், எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வழி காட்டியது.