மடிக்கும் இறக்கை கொண்ட சிறு விமானத்தை டிரெய்லரில் பாதுகாப்பாகக் கொண்டு செல்வது எப்படி?

விமானத்தை அதன் சொந்தச் சக்கரங்களிலேயே காரின் பின்னால் கட்டி இழுக்கலாமா, டிரெய்லர் அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டகையிலிருந்து ஓடுபாதை வரை என்றால் இழுத்துக்கொள்ளலாம், நெடுஞ்சாலைக்கு டிரெய்லர்தான். அந்தச் சிறு சக்கரங்களும் பேரிங்குகளும் மணிக்கணக்கில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கிட்ஃபாக்ஸ் போன்ற விமானங்களில் முன் ஸ்பாரின் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டம்) லாக் பின்னைக் கழற்றியதும், இறக்கை பின் ஸ்பாரின் மூட்டிலும் தாங்குகம்பியின் அடிமூட்டிலும் திரும்பி, உடலை ஒட்டி வால் பக்கம் வந்து நிற்கும். பறக்கும்போது தன் எடையைப் போலப் பல மடங்கு சுமையை ஏற்கும் அதே இறக்கை, இப்போது அந்த மூட்டுகளை மட்டுமே நம்பியிருக்கிறது. சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் நுனி மேலும் கீழும் ஆட, அந்த ஆட்டம் நெம்புகோல் போல மூட்டுகளில் பன்மடங்காக இறங்கி, துளைகளைச் சிறிது சிறிதாகத் தேய்க்கும். எனவே நுனிப்பக்கத்தில், உள்ளே ரிப் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) இருக்கும் இடமாகப் பார்த்து, மெத்தென்ற உறையிட்ட அகலமான தாங்கி கொடுக்க வேண்டும்.

அந்தத் தாங்கியை எதில் பொருத்துவது என்பதில்தான் நான் தவறினேன். டிரெய்லரின் தளத்திலிருந்தே அதை எழுப்பினேன். விமானத்தின் உடலோ தன் டயர்கள்மீதும் சக்கரக்கால்கள்மீதும் தனியே குதித்துக்கொண்டிருந்ததால், இறக்கை தாங்கிக்கும் உடலுக்கும் நடுவில் அகப்பட்டு, இறங்கிப் பார்த்தபோது துணிப்போர்வை உரசிக் கிழிந்திருந்தது. இப்போது தாங்கியை வாலருகே உடலோடு பொருத்துகிறேன்; உடல் ஆடினால் இறக்கையும் சேர்ந்தே ஆடும். ராட்செட் பட்டைகளையும் உடலில் போடாமல் சக்கர அச்சுகளில் போட்டு இறுக்கினால், சக்கரக்கால்கள் தம் இயல்பில் அதிர்வை வாங்கிக்கொள்ளும். புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, பட்டைகளை மீண்டும் இறுக்குங்கள். முதலில் கட்டும்போது எவ்வளவு இறுக்கினாலும் அவை சற்றுத் தளரத்தான் செய்யும்.

திறந்த டிரெய்லரில் மூக்கு முன்னோக்கி இருப்பதே நல்லது. வால் முன்னே இருந்தால் காற்று சுக்கானையும் எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றி இறக்க வாலில் அசையும் பரப்பு) பின்புறமாகப் பிடித்து அடிக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 48 கிலோ, 80 கி.மீ.யில் அது 31 கிலோவாகக் குறைகிறது. கட்டுப்பாட்டுக் கோலை மட்டும் கட்டிவைத்தால் இந்த விசையெல்லாம் கேபிள்கள் வழியாகத்தான் போகும். ஆகவே அசையும் பரப்புகளை வெளியிலேயே பூட்டி, புரொப்பெல்லரும் சுழலாதபடி கட்ட வேண்டும். இறக்கைத் தொட்டிகளில் எரிபொருள் வேண்டாம்.

டிரெய்லரும் விமானமும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வால்போல் இருபுறமும் வீசும். வால்சக்கர விமானத்தின் எடைமையம் முதன்மைச் சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால், அச்சக்கரங்களை டிரெய்லரின் அச்சுக்கு ஓரளவு முன்னால் நிறுத்திப் பார்த்து எடையைச் சரிசெய்யலாம்.

இத்தனைக்குப் பிறகும் நான் மிகவும் அஞ்சுவது, இறக்கையை மீண்டும் விரிக்கும் நேரத்தைத்தான். உதவிக்கு வருபவர்களின் பேச்சு சுவாரசியமாக இருந்தால் அவர்களை நான் சற்று அப்பால் அனுப்பிவிடுவேன். லாக் பின்னும் அதன் பாதுகாப்பு கிளிப்பும் உள்ளே முழுமையாக அமர்ந்ததைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, பிறகு ஒருவர் வெளியே அசையும் பரப்பைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உள்ளிருந்து கோலை அசைத்து, இரு பக்கமும் விசை போய்ச் சேர்கிறதா என்று சோதித்த பின்னரே என்ஜினைத் தொடுகிறேன்.