இறக்குவதற்கு முன் பேக்கேஜ் விவரம் பார்ப்பது: கேள்வி பதில்

டெபியன், உபுண்டு (இரண்டும் லினக்ஸ் வகைகள்) பாவிப்பவர்களுக்கு. பேக்கேஜ் என்பது நிறுவக்கூடிய நிரல் தொகுப்பு; அதை இறக்கி நிறுவும் கருவி ஆப்ட். பெரிய எழுத்து என்று சொன்ன இடம் தவிர, கட்டளை எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில்.

ஹட்டன்: அண்ணா, போன் டேட்டாதான் இருக்கு. விஎல்சி வீடியோ பிளேயரை இறக்க எவ்வளவு போகும்னு முன்கூட்டியே பார்க்க முடியுமா?

'ஆப்ட் ஷோ விஎல்சி' அடிங்க தம்பி, 'டவுன்லோட்-சைஸ்' வரி வரும். அதை மட்டும் நம்பி இறங்கிடாதீங்க. அது அந்த ஒரு பேக்கேஜின் கணக்கு. டேட்டாவைத் தின்பது அது கூட்டி வரும் லைப்ரரிகள் (அது ஓடத் தேவையான துணைப் பேக்கேஜ்கள்). அதனால் 'ஆப்ட் இன்ஸ்டால் -எஸ் விஎல்சி' என்று ஒத்திகை பாருங்க, எதுவும் இறங்காது. புதிதாக 1 பேக்கேஜ் மட்டும் என்றால் ஷோ காட்டிய அளவுதான் மொத்தமும். அதற்கு மேல் இருந்தால் -எஸ்ஸை எடுத்துவிட்டு சூடோவோடு (நிர்வாகி அனுமதியோடு) ஓட்டி, 'நீட் டு கெட்' வரியைப் (புதிய ஆப்ட்டில் 'டவுன்லோட் சைஸ்') படித்ததும் 'என்' அழுத்துங்க. ஒத்திகையைத் தாண்டிப் போகாதீங்க: கூடுதல் பேக்கேஜ் தேவைப்படாத நேரத்தில் ஆப்ட் சம்மதம் கேட்காது, நேரே இறக்க ஆரம்பித்துவிடும்.

தலவாக்கலை: நெட் இல்லாதப்பவும் ஷோ வேலை செய்யுதே?

கடைசியாக 'ஆப்ட் அப்டேட்' ஓட்டியபோது சேமித்த பட்டியலைத்தான் அது வாசிக்குது. பட்டியல் பழசானால் இறக்கும்போது 404 (ஃபைல் கிடைக்கவில்லை என்ற பிழை) வரலாம்.

பண்டாரவளை: ஷோ காட்டும் வெர்ஷன் வேறு, என் மெஷினில் இருப்பது வேறு.

ஷோ காட்டுவது இனி நிறுவப்படக்கூடியதை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க 'ஆப்ட் பாலிசி' போட்டு பேக்கேஜ் பெயர். மூன்று நட்சத்திரம் உள்ள வரிதான் உங்க மெஷினில் இருப்பது.

பதுளை: அண்ணா, பென் டிரைவில் ஒரு டெப் ஃபைல் (பேக்கேஜ் கோப்பு) தந்தாங்க. நிறுவாமல் உள்ளே பார்க்கணும்.

'டிபிகேஜி -ஐ' போட்டு ஃபைல் பெயர், தங்கச்சி. அந்த 'ஐ' பெரிய எழுத்து. சின்ன 'ஐ' என்றால் நிறுவிவிடும்! பார்ப்பதற்கு சூடோ தேவையே இல்லை. போடாமல் இருந்தால் கை தவறினாலும் அனுமதி இல்லை என்று நின்றுவிடும். 'ஆர்க்கிடெக்சர்' வரியைக் கவனிங்க: 32 பிட் பழைய மெஷினில் 'ஏஎம்டி64' (64 பிட்) ஃபைல் ஏறாது. ஆப்ட் ஷோவிலும் பார்க்கலாம், ஆனால் ஃபைல் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் வேணும். இல்லாட்டி அதைப் பேக்கேஜ் பெயராக எடுத்துக்கொண்டு தேடும்.

நுவரெலியா: நீக்கிய பேக்கேஜ் 'டிபிகேஜி -எஸ்' இல் இன்னும் வருது.

'ஸ்டேட்டஸ்' வரியில் 'கான்ஃபிக்-ஃபைல்ஸ்' என்று இருக்கும். நிரல் போய்விட்டது, அமைப்புக் கோப்பு மிச்சம். 'ஆப்ட் பர்ஜ்' போட்டால் அதுவும் போகும்.