பாம்பன் மீன் சந்தையில் சில்லறையாகக் கிடைத்த காமராஜர் படம் போட்ட 5 ரூபாய் நாணயம் செல்லுமா? விலை போகுமா?

தாராளமாகச் செல்லும். காமராஜர் நூற்றாண்டையொட்டி அரசே வெளியிட்டது. 1985 வரை விருதுநகர் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது, அதனால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

தலைவர்களுக்கு நினைவு நாணயம் அடிக்கும் வழக்கம் இங்கே 1964-இல், நேரு மறைந்த ஆண்டில் தொடங்கியது. 5 ரூபாய் புழக்கத்துக்கு வரும். 100 ரூபாய் நாணயம் வராது. பல ஆண்டுகளாக அதில் பாதி வெள்ளி, எடை 35 கிராமாக இருந்தது. நாணயச்சாலை அதை முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்குச் சேகரிப்பாளர்களுக்கு விற்கும். 2024-இல் வந்த கலைஞர் நாணயமும் அப்படித்தான்.

உங்களுடையது அரியதல்ல. லட்சம் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், மேற்பரப்பு கெட்டால் சேகரிப்பவர் தொடமாட்டார். மீன் ஈரமும் உப்பும் போக நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி வையுங்கள்.